கதை எத்தனை மணிக்கு?

(ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு அடிவாரத்தில், சுற்றுவட்டாரத் திருவிழாக் குழுவினரும் நாடக ரசிகர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தை பிறந்தாகிவிட்டது. இனி வைகாசி வரைக்கும் நம் பக்கத்து ஊர்களில் கோயில் கோயிலாகக் காப்புக் கட்டுவார்கள். எந்த ஊரில் எந்த ராத்திரி என்ன நாடகம் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? சென்னையில் சபா நாடகம் பார்க்கிறவர்களுக்கு நாளிதழில் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ என்று ஒரு பத்தி உண்டு. நமக்கு டீக்கடைச் சுவர். இப்போது வாட்ஸ்அப்பும் சேர்ந்திருக்கிறது. அதிலும் சுவரில் ஒட்டிய அதே நோட்டீஸைத்தான் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் அந்த நோட்டீஸை அடித்து ஒட்டுகிறவர்கள். நான் அதை நின்று படிக்கிறவன். படிக்கிறவன் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சொல்லலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

ஒரு நோட்டீஸைக் கையில் எடுங்கள். தலைப்பில் அம்மன் துணை. கீழே ஊர், கிழமை, தேதி, மண்டகப்படிக்காரர் பெயர். நடுவில் கொட்டை எழுத்தில் ‘வள்ளி திருமணம்’. அதற்குக் கீழே போட்டோக்கள்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ். ஓரமாக ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். ஒவ்வொருவர் பெயருக்கு முன்னாலும் ஒரு ஊர் இருக்கும். ராஜபார்ட் புதுக்கோட்டை, ஸ்திரீபார்ட் மதுரை, பபூன் திண்டுக்கல், ஆர்மோனியம் காரைக்குடி என்று இருக்கும். நாடகக் கம்பெனியின் பெயரைத் தேடினால் கிடைக்காது. கம்பெனி என்று ஒன்று இருந்தால்தானே போடுவதற்கு? டைரக்டரும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. நாலு திசையிலிருந்து அன்று சாயங்காலம் வந்து இறங்கி, அரிதாரம் பூசிக்கொண்டே ‘நீங்கள் என்ன கட்டையில் பாடுவீர்கள்’ என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு, மேடையேறி, விடியும்வரை ஒரு முழு நாடகத்தை நடத்தி முடித்துவிட்டு அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஸ்பெஷல் நாடகம் என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். உலகத்தில் வேறு எங்கேயாவது ஒரு நாடகக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்.

இது எப்படிச் சாத்தியம் என்றால் அதற்குக் காரணம் ஒரு மனிதர். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று அவர் எழுதி வைத்த நாடகங்களின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டன. புதுக்கோட்டைக்காரரும் மதுரைக்காரரும் ஒரே பாடத்தைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இவர் இந்த வரியில் விட்டால் அவர் அந்த வரியில் எடுப்பார். நடுவில் ஆர்மோனியக்காரர் இருக்கிறார். அவர் சுருதி கொடுப்பவர் மட்டும் கிடையாது. நடிகர் மறந்தால் அடி எடுத்துக் கொடுப்பவரும், தொண்டை கட்டினால் பின்பாட்டுப் பாடித் தாங்குபவரும், பபூன் கேலிக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்பவரும் அவர்தான். டைரக்டர் இல்லை என்றேனே, ஒருவகையில் அந்த நாற்காலியில் அவர்தான் இருக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைக்கு ஸ்பெஷல் நாடகக்காரர்கள் எல்லோரும் சுவாமிகளைக் குருவாகக் கும்பிட்டுக் குருபூசை நடத்துகிறார்கள். மதுரை தமுக்கத்துப் பக்கம் இருக்கிற அவர் சிலைக்கு மாலை போடுகிறார்கள். ஆனால் அந்த மனிதர் பெரிய நடிகர்களின் போட்டா போட்டியைப் பார்த்துச் சலித்தவர். ஒருவர் பாட்டை இன்னொருவர் அமுக்குவது, கதையை விட்டுவிட்டு வித்தையைக் காட்டுவது எல்லாம் அவருக்கு ஆகவில்லை. சிறுவர்களை வைத்துக் கட்டுப்பாடாகப் பயிற்சி கொடுக்கலாம் என்று போனார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அங்கே வந்து சேர்ந்த பிள்ளைகள்தான் பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள். 1922-இல் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார். கதை கெட்டுப்போகிறதே என்ற கவலை அவர் காலத்திலேயே இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ‘அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது’ என்று யாராவது பெருமூச்சு விட்டால் நம்பாதீர்கள்.

அந்தக் காலத்தில் இது டிக்கெட் நாடகம். ஊரில் கொட்டகை போட்டு, பெஞ்சு டிக்கெட், தரை டிக்கெட் என்று விற்றார்கள். நமக்குத் தெற்கே செங்கோட்டையில் 1906-இல் பிறந்த கிட்டப்பாவும், கொடுமுடி சுந்தராம்பாளும் அந்தக் கொட்டகைகளை நிரப்பியவர்கள். மைக் இல்லாமல் கடைசி வரிசைவரைக்கும் கேட்கும் சாரீரம். கிட்டப்பா 1933-இல் போய்ச் சேர்ந்தபோது வயது 27. அதற்குள் பேசும் படம் வந்துவிட்டிருந்தது. கொட்டகைகள் சினிமாவுக்குப் போயின. நாடகம் ஊரை விட்டு வெளியேறி, கிராமத்துக் கோயில் வாசலுக்கு வந்து நின்றது. ஆய்வாளர்கள் சிலர் இதை வீழ்ச்சி என்று எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிக்கெட் வாங்க ஆள் வராவிட்டால் கொட்டகைக்காரன் மறுநாள் நாடகத்தை நிறுத்திவிடுவான். அம்மனுக்கு நேர்ந்துகொண்ட நாடகத்தைக் கூட்டம் குறைந்துவிட்டதே என்று யாரும் நிறுத்த முடியாது. அம்மன் பார்த்துக்கொண்டிருக்கிறாளே! நூறு வருடமாக இந்தக் கலை தாக்குப்பிடித்ததற்குக் காரணம், அது ஒரு நாட்காட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் மார்கழிதோறும் அரையர் சேவை நடக்கிறது. குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு, பாசுரத்துக்கு அபிநயம் பிடிக்கிற அந்தச் சேவை ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற சில இடங்களில் மட்டும் நிலைத்திருக்கிறது. பகல்பத்து, இராப்பத்து என்று நாள் குறித்து வைத்திருப்பதால் அது நிலைத்தது என்பது என் எண்ணம். நாடகத்துக்கும் அதே கணக்குத்தான்.

நம் மாவட்டத்துக்கு இந்தக் கலையோடு இன்னும் நெருக்கமான உறவு இருக்கிறது. தியாகி விசுவநாததாஸ் 1886-இல் பிறந்தது சிவகாசியில், வாழ்ந்தது திருமங்கலத்தில். வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து தேசப் பாட்டுப் பாடுவார். வெள்ளைக்காரனைக் கொக்காக வைத்து மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு, தினைப்புனத்தில் பறவை ஓட்டுகிற காட்சியில் அப்படிப் பொருந்திப் போயிற்று. வாசலில் போலீஸ் வாரண்டோடு நிற்கும். அவரோ பாடி முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவார். எத்தனையோ முறை சிறை போனார். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்த அதே மேடையில் நம்மவர்களின் சாதியையும் அவர் சுமக்க வேண்டியிருந்தது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது.

அடுத்தது நல்லதங்காள். வேறு மாவட்டங்களில் அது ஒரு கதை. நமக்கு அது பக்கத்து ஊர். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காள் கோயில் இருக்கிறது, பிள்ளைகளைப் போட்டுத் தானும் விழுந்த கிணறு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். மானாமதுரையில் பஞ்சம் வந்து, ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு நடந்து வந்தவளை அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்தித் திருப்பி அனுப்புகிற கதை. மதுரை மேடையில் மூளி அலங்காரியைப் பார்த்து ஜனங்கள் சிரிப்பதும் உண்டு. வத்திராயிருப்பு, கூமாப்பட்டிப் பக்கத்துக் கிழவிகள் அவளைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றுவார்கள். அந்த வேடம் போடும் அம்மா காலையில் டீ குடிக்கப் போனால்கூட முறைப்பார்கள்.

செண்பகத்தோப்பு வேறு விதம். இதோ மேற்கே மலை. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. காட்டழகர் கோயிலுக்குப் போகிற பாதையும் காட்டுக்குள்தான் போகிறது. அடிவாரத்தில் பளியர் குடியிருப்பு. மா, தென்னை வைத்திருப்பவர்கள் யானைக்கும் பன்றிக்கும் பயந்து ராத்திரி காவல் கிடக்கிற இடம் இது. இங்கே வள்ளி பரண்மேல் ஏறி ஆலோலம் பாடினால் அது புராணமாக இருக்காது. பறவை ஓட்டுவது, பரண் கட்டுவது, கவண் வீசுவது எல்லாம் உட்கார்ந்து பார்ப்பவர்களில் பலர் செய்கிற வேலை. வேடனாக வந்த முருகன் ‘யானை எந்தப் பக்கம் போயிற்று’ என்று கேட்டால், இங்கே கூட்டத்திலிருந்தே ஒருவர் கையைக் காட்டிப் பதில் சொல்வார். அதை நானே கேட்டிருக்கிறேன். நடிகரும் விடவில்லை. ‘அப்படியா மாமா, நீங்க பார்த்தீங்களா’ என்று கேட்டு அரைமணி நேரம் ஓட்டிவிட்டார். எழுதிய பாடத்துக்குள் இவ்வளவு இடம் விட்டு வைத்திருக்கிறார் சுவாமிகள்.

அந்த இடம் இருப்பதால்தான் தர்க்கம் பிழைத்திருக்கிறது. நாரதர் வந்து வள்ளியிடம் பேச்சுக் கொடுக்கிற காட்சியைச் சொல்கிறேன். அங்கே ஆரம்பமும் முடிவும்தான் முடிவானவை. நடுவில் புராணம், இலக்கணம், பெண் பெருமை, சன்னியாசி பெருமை என்று எங்கே வேண்டுமானாலும் போகும். கேள்விக்குக் கேள்வி, பாட்டுக்குப் பாட்டு. அன்றுதான் முதல்முதலாகச் சந்தித்த இரண்டு பேர், எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாமல் நிற்கிறார்கள். பின்னால் துண்டை விரித்துப் படுத்திருக்கும் பெரியவர்கள், தூங்குகிறார்கள் என்று நீங்கள் நினைத்தவர்கள், ஸ்திரீபார்ட் ஒரு நல்ல பதில் சொன்னவுடன் எழுந்து உட்கார்ந்து ‘அன்பளிப்பு’ கொடுக்கச் சட்டைப் பையைத் தேடுவார்கள். ஆர்மோனியக்காரர் மைக்கில் பெயரைப் படிப்பார். என்னைக் கேட்டால் ஸ்பெஷல் நாடகத்தின் உயிர் இந்த ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணி சுமாருக்குத்தான் அது வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டு மணி இனிமேல் நமக்குக் கிடைக்குமா?

பழைய வழக்கம் எல்லோருக்கும் தெரியும். பத்து மணிக்குமேல் ஆர்மோனியம் தொடங்கும். பபூன் வருவார், பிறகு டான்ஸ் வருவார். இருவரும் மோதிக்கொண்டு, சண்டை போட்டு, ஜோடிப் பாட்டுப் பாடி முடிக்க நடுச்சாமம் ஆகிவிடும். அதற்கப்புறம் கதை. தொண்ணூறுகளில் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு திரிந்து ஆராய்ந்து, 2005-இல் புத்தகம் எழுதிய அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசரும் இந்த அமைப்பை இப்படித்தான் பதிவு செய்திருக்கிறார்: முதல் இரண்டு மணி நேரம் நகைச்சுவை, மிச்ச ராத்திரி முழுக்கக் கதை.

சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. சமய, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். உச்ச நீதிமன்றமும் 2005-இல் இதைச் சரி என்று சொல்லிவிட்டது. ‘மைக்கை அணைத்துவிட்டு, கிட்டப்பா காலம் மாதிரி வெறும் தொண்டையில் ஆடினால் என்ன?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் 2010 திருத்தத்தில் இசைக்கருவியையும் சேர்த்துவிட்டார்கள். ஆர்மோனியம் இல்லாமல் ஸ்பெஷல் நாடகம் கிடையாது. மூடிய அரங்கத்துக்குள் என்றால் விதிவிலக்கு உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் சர்க்கார் நாடகத்தின் சொல்லுக்குப் பயந்தது. 1876-இல் வெள்ளைக்காரன் நாடகத் தடைச் சட்டம் போட்டான். சுதந்திரம் வந்த பிறகு 1954-இல் நம் மாநிலத்திலேயே ஒன்று போட்டார்கள், நாடகப் பிரதியைக் காட்டி அனுமதி வாங்கு என்று. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2013-இல் ரத்து செய்தது. ஆகவே இன்று உங்கள் பபூன் என்ன பேசினாலும் முன்கூட்டிப் பிரதி கேட்க ஆள் இல்லை. எத்தனை மணிக்குப் பேசுகிறார் என்பதுதான் கேள்வி.

நான் சட்டத்தைத் திட்டப் போவதில்லை. மார்ச் மாதம் பிளஸ் டூ பரீட்சை. நாலு திசையிலும் குழாய் கட்டி ராத்திரி முழுக்க அலறவிட்டால் படிக்கிற பிள்ளை எங்கே போகும்? கைக்குழந்தை இருக்கிற வீடு, நோயாளி இருக்கிற வீடு எல்லாம் இருக்கின்றன. இந்த மலையடிவாரத்தில் மிருகங்களும் இருக்கின்றன, அவற்றுக்கு நம் ஸ்பீக்கரால் எந்தப் பிரயோசனமும் இல்லை. என் புகார் வேறு. சட்டம் 12 மணிக்கு முடி என்கிறது. நாம் என்ன செய்கிறோம்? சாமி ஊர்வலம் வந்து சேர ஒன்பது. நன்கொடையாளர்களுக்குப் பொன்னாடை போர்த்த ஒரு மணி நேரம். பொன்னாடை போர்த்தியவருக்குப் பதில் பொன்னாடை. வாழ்த்துரை. அதற்குமேல் ஆர்மோனியம் தொடங்கி, பபூனும் டான்ஸும் முடிக்கும்போது போலீஸ் ஜீப் வந்து நிற்கிறது. வள்ளி அவசர அவசரமாக வந்து, நாரதர் ஒரு பாட்டுப் பாடி, முருகன் தாலியைக் கட்டிவிட்டுப் போகிறார். நோட்டீஸில் ‘வள்ளி திருமணம்’ என்று போட்டது உண்மைதான், திருமணம் மட்டும் நடக்கிறது. நேரம் பாதியானபோது கதை மட்டும்தான் வெட்டுப்பட்டது. வேறு எதையும் யாரும் குறைத்துக்கொள்ளவில்லை.

பிறகு, நாடகம் என்றாலே ஆபாசம் என்று ஊரில் பேசுகிறோம். முன்னால் இருக்கிற காமிக்கை மட்டும் காட்டிவிட்டு, பின்னால் இருக்கிற கதையை அணைத்துவிட்டால் அப்படித்தான் பேசுவார்கள். அந்தப் பேச்சின் சுமை முழுக்க மேடையில் நிற்கிற பெண்கள் தலையில் விழுகிறது.

நேரம் மாறினால் கலை செத்துவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இலங்கையைப் பாருங்கள். மட்டக்களப்பு வடமோடிக் கூத்து விடிய விடிய வட்டக்களரியில் ஆடுவது. அறுபதுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதை மண்டப மேடைக்காகச் சுருக்கி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று தயாரித்தார். இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பின்னால் தாமே பேராசிரியராகி அந்த வேலையைத் தொடர்ந்தார். ஊர்க் களரியின் நெருக்கமும் பார்வையாளரின் பங்கும் போயின என்ற விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் வித்தியானந்தன் சுருக்கியபோது கதையின் முதுகெலும்பைத் தொடவில்லை. திரும்பத் திரும்ப வருவதைக் குறைத்தார், பாத்திரத்தின் மனதைக் கூட்டினார். உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை அது. நம் ஊரில் யோசிக்கிறவர் யார்? ஜீப் வருகிற நேரம்தான் எடிட்டர்.

இன்னொரு உதாரணம் ஜெர்மனியில், பவேரிய மலைப்பக்கம். ஓபராமெர்காவ் என்று ஒரு சின்ன ஊர். 1633-இல் கொள்ளைநோய் வந்தபோது, எங்களைக் காப்பாற்றினால் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஏசுவின் பாடுகளை நாடகமாக ஆடுகிறோம் என்று நேர்ந்துகொண்டார்கள். 1634-இலிருந்து ஆடுகிறார்கள். நம் நேர்த்திக்கடன்தான், வேறென்ன? நடிப்பவர்கள் ஊர்க்காரர்கள். அங்கே பிறந்திருக்க வேண்டும் அல்லது இருபது வருடம் குடியிருந்திருக்க வேண்டும். பகலில் ஆடிவந்த நாடகத்தின் பிற்பகுதியை இரவுக்கு மாற்றலாம் என்று 2010 நாடகத்துக்கு முன்னால் ஒரு யோசனை வந்தது. ஊரே இரண்டுபட்டது. கடைசியில் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தார்கள். நாடகம் எத்தனை மணிக்கு என்பதற்கு ஒரு ஊர் ஓட்டுப் போட்டிருக்கிறது! கொரோனாவால் 2020-இல் நடக்க வேண்டியதை 2022-க்குத் தள்ளி வைத்தும் நடத்தினார்கள்.

கொரோனா என்றதும் நம் கலைஞர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது பங்குனி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அட்வான்ஸ் வாங்கிய தேதிகள் எல்லாம் போயின. அடுத்த வருடம் சித்திரையிலும் திருவிழாக்கள் நின்றன. மாசியிலிருந்து வைகாசிவரை சம்பாதிப்பதை வைத்து வருடத்தை ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு வருடத்துச் சாப்பாடு அது. சிலர் கட்டட வேலைக்குப் போனார்கள், சிலர் திரும்பி வரவே இல்லை. பழைய ஆர்மோனியக்காரர்கள் குறைந்து, கீபோர்டு வாசிக்கிறவர்கள் அந்த இடத்துக்கு வந்திருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

அரங்கம் கட்டிவிட்டால் தீருமா என்று கேட்கிறார்கள். மூடிய அரங்கத்துக்கு விதிவிலக்கு உண்டு என்றேனே, அதை வைத்துக் கேட்கிறார்கள். ராஜபாளையத்துக்காரர்களுக்கு இதில் பெருமைப்பட இடம் இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, தம்முடைய வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். வீட்டைக் கலைக்குக் கொடுத்த முதலமைச்சர் என்று வேறு யாரையாவது சொல்லுங்கள் பார்க்கலாம். கச்சேரிக்கும் சொற்பொழிவுக்கும் அப்படிப்பட்ட இடம் வேண்டும். ஆனால் ஸ்பெஷல் நாடகத்தை ஒரு மண்டபத்துக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினால் அம்மன் எப்படிப் பார்ப்பாள்? கோயில் வாசலுக்கு நேர் எதிரே மேடை இருப்பது சும்மா இல்லை. எம்.எல்.ஏ. நிதியில் கட்டிய கலையரங்கங்கள் கிராமத்துக்கு ஒன்று இருக்கின்றன. பல ஊர்களில் அங்கே நெல் காய்கிறது, மிச்ச நாளில் சீட்டாட்டம். கான்கிரீட் பற்றாக்குறை நமக்கு இல்லை. (சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அளவுகளை இந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. இன்று விட்டுவிடுகிறேன்.)

ஆகவே, இந்தப் பருவத்துக்கு நாடகம் பேசி முடிக்கப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. அட்வான்ஸ் கொடுக்கும்போது ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார் என்று கேட்கிறீர்கள். கூடவே ‘கதை எத்தனை மணிக்குத் தொடங்கும்’ என்று கேட்டு, அதை நோட்டீஸில் அச்சடியுங்கள். சிவகாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வரி கூடுதலாக அச்சடிக்க முடியாதா? ‘பபூன் காமிக் 7 மணி, நாரதர் வருகை 8 மணி’ என்று போடுங்கள். 12 மணிவரை அனுமதி இருந்தால் கதைக்கு முழுசாக நாலு மணி நேரம் கிடைக்கும். தர்க்கத்துக்கு அதில் ஒன்றரை மணி நேரத்தை யாரும் தொடாமல் விடலாம். பொன்னாடையை மறுநாள் மஞ்சள் நீராட்டில் போர்த்தினால் நன்கொடையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஏழு மணிக்குக் கூட்டம் வராது என்பீர்கள். சீரியல் ஓடுகிற நேரம், சமையல் நேரம், மில்லில் இரண்டாம் ஷிப்டு முடித்து வருகிறவர் நடுச்சாமத்துக்குத்தான் வருவார். எல்லாம் சரி. முதல் வருடம் கூட்டம் குறையத்தான் செய்யும். ஆனால் இன்றைக்குப் பத்து மணிக்கு வருகிற கூட்டம் யார் என்று பாருங்கள். பெண்களும் பிள்ளைகளும் பதினொரு மணிக்கே எழுந்து போய்விடுகிறார்கள், பபூன் பேச்சு தாங்காமல். பின்னால் நிற்கிற இளவட்டம், அதிலும் பாதி நிதானத்தில் இல்லாதது, மிச்சம் இருக்கிறது. ஏழு மணிக் கூட்டத்தில் குழந்தைகள் முன்வரிசையில் இருந்தால் பபூன் தானாகப் பேச்சை மாற்றிக்கொள்வார். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நொடியில் கணக்குப் போடத் தெரியாதவர் பபூனாக ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

அடுத்தது, மேடைக்குப் பின்னால் நடக்கிற விஷயம். வேஷம் கட்டுவதற்குப் பெண்களுக்குக் கதவு உள்ள ஓர் அறை, தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை. பள்ளிக்கூடமோ சாவடியோ, பக்கத்தில் ஒரு வீடோ, ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். நாலு சாக்குப் படுதாவைக் கட்டி, ஓட்டை வழியே பையன்கள் எட்டிப் பார்க்கிற இடத்தில் ஸ்திரீபார்ட் புடவை மாற்றுகிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. எந்த ஊர் என்று சொல்லவில்லை, சம்பந்தப்பட்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். ராத்திரி 12 மணிக்கு நாடகத்தை முடித்துவிட்டால் இன்னொரு சிக்கலும் வரும். முன்பு விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்விடுவார்கள். நடுச்சாமத்தில் மதுரைக்கும் புதுக்கோட்டைக்கும் எப்படிப் போவார்கள்? ஒன்று வேனுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லை தங்க இடமும் காலையில் சாப்பாடும் கொடுக்க வேண்டும். அந்தச் செலவைப் பட்ஜெட்டில் இப்போதே சேர்த்துவிடுங்கள். பேசிய பாக்கித் தொகையை மேடையை விட்டு இறங்குவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். ‘காலையில் தலைவர் வந்ததும்’ என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள்.

என்ன நாடகம் போடுவது என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். வள்ளி திருமணத்துக்குக் கேட்க வேண்டியதே இல்லை. அதோடு ஒரு ராத்திரி நல்லதங்காளும் போடுங்கள். பஞ்ச நாடகம் திருவிழாவில் வேண்டாம், அமங்கலம் என்று பெரியவர்கள் தயங்குவது தெரியும். அர்ச்சுனாபுரத்துக் கிணற்றை இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்? அந்த நாடகத்தில் மூளி அலங்காரி கதவைச் சாத்தும் காட்சிக்குமட்டும் முக்கால் மணி நேரம் வேண்டும். அதையும் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.